கன்னத்தில் ஒரு கரி இழுப்பு

மதிய வெயில் ஓவியக் கல்லூரி வகுப்பின் உயரமான ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்து, சுவரில் குத்தியிருக்கும் கரி ஓவியங்கள் மேல் விழுகிறது. எல்லாமே, வரைந்த மாணவியின் அம்மா முகம்தான். தூங்குகிற முகம், கோபித்துக்கொண்ட முகம், ஊசியில் நூல் கோக்கக் கண்ணை இடுக்கிய முகம். ஒவ்வொரு கன்னத்தின் குறுக்கேயும் சாம்பல் நிறத்தில் ஓர் இழுப்பு. வரைந்தவள் இடது கைக்காரி. போட்ட கோட்டின் மேலேயே அவள் கை உரசிக்கொண்டு போகும். வகுப்பில் அவளுக்குப் பெயரே நொட்டாங்கை. தன் வேலைமுறையைத் தானே ஆராய்ந்து காட்டவேண்டிய கடைசி வருடத் திட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டதும் அந்த இழுப்பைத்தான். ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். "இது ஆராய்ச்சியா? அழுக்கும்மா. கைக்கு அடியில ஒரு தாள் வெச்சுக்கோன்னு முதல் வருஷத்துலேர்ந்து தலைபாடா அடிச்சுக்கறேன்." "வெச்சும் வரைஞ்சு பார்த்தேன் சார். அதோ, அந்த மூலையில இருக்கு. சுத்தமாத்தான் இருக்கு, ஆனா அதுல எங்கம்மா இல்லை." பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள். ஆசிரியர் ஒரு வெள்ளைத் தாளை உருவி நீட்டுகிறார். "இதை வெச்சு எல்லாத்தையும் மறுபடி வரைஞ்சுட்டு வா. அப்புறம் மார்க்கைப் பத்திப் பேசலாம்." அவள் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வரிசையின் கடைசியில் அதைக் குத்துகிறாள். காலையிலிருந்து கழுவாத இடது கையை அதில் அழுத்தி, அவசரமே இல்லாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுக்கிறாள். "இப்ப முடிஞ்சுது சார். போடுங்க மார்க்கு."