துவைத்தால் சுருங்கும்

ஆய்வகத்தில் ஆறு பேருக்கும் புது வெள்ளைக் கோட்டு எடுக்கும் பொறுப்பு தமயந்தியின் தலையில் விழுந்தது. டெரிகாட்டனா காட்டனா என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்து, கடைசியில் காட்டன் வென்றது. கோட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒரு கருவியைக் கொண்டுவந்து, எல்லோரையும் அதன் முன் நிற்கவைத்து அளவெடுத்துப் போனார்கள்.

மறுநாள் கணினியில் பட்டியல் வந்தது. ஐந்து பேருக்கு அளவு சரியாகத்தான் இருந்தது. ஒருக்களித்துத்தான் கதவில் நுழைவார் என்று எல்லோரும் கேலி செய்யும் அருள்தாஸுக்கு மட்டும் 'ஸ்மால்' என்று போட்டிருந்தது. தமயந்தி எரிச்சலோடு கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஆளையே பாக்காம அளவு போட்டீங்களா? அதுவும் காட்டன் துணி. துவைச்சா சுருங்குமே!"

"துணி சுருங்குறதையெல்லாம் சேத்தாச்சு மேடம்," என்றான் எதிர்முனையில் இருந்தவன், பணிவாக. "கோட்டு ஒரு வருஷம் உழைக்கணும்ல? அதனால அடுத்த வருஷம் ஆள் எப்படி இருப்பாங்களோ, அந்த அளவத்தான் கருவி குடுக்கும். இதுவரைக்கும் தப்புனதில்ல."

நோயோடு கிடந்த கடைசி வருஷத்தில் அப்பாவின் உடம்பில் தொங்கிய சட்டை அவள் நினைவுக்கு வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வடையைக் கடித்துக்கொண்டிருந்த அருள்தாஸ், அவளைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"எனக்கு ஒரு சைஸ் பெருசாவே சொல்லிருங்க மேடம்!"

அவள் 'ஸ்மாலை' அழித்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய அளவைப் போட்டாள். மாற்றத்துக்குக் காரணம் கேட்டது திரை.

'துவைத்தால் சுருங்கும்' என்று அடித்தாள்.