கம்ப்யூட்டர் கலந்த மருந்து

“இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து, பவானி.”

பவானேஸ்வரி ஊற்றினாள். மேனேஜர் ரங்கசாமி குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “பத்தல. இன்னும் ஊத்து.”

அறையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. தண்ணீர் விழுந்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். ஆபீஸ் எழுத்தரான பவானேஸ்வரி எண்களைத் தட்டத் தட்ட, திரையில் இருந்த சிவப்புக் கட்டம் மட்டும் மாறவே மாட்டேன் என்றது.

ஜாசின் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் அது. புதிதாக வந்த புல் மருந்தை அடிக்க மாட்டோம் என்று பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். போன மருந்துக்கே அவர்களில் ஒருத்தியான கோமளாவின் விரல் நகங்கள் கழன்று விழுந்திருந்தன. மலாக்காவில் இருந்த தலைமை அலுவலகமோ, புல்லை ஒழி, இல்லாவிட்டால் உன்னை மாற்றுகிறோம் என்று ரங்கசாமியிடம் சொல்லிவிட்டது.

கூடவே இந்தக் கம்ப்யூட்டரையும் அனுப்பியிருந்தது. ஒரு ரசாயனத்தின் அமைப்பையும் அளவையும் கொடுத்தால் போதும். தெரிந்த விஷங்களோடு ஒப்பிட்டு, அது கண்ணைக் கெடுக்குமா, தோலை அரிக்குமா என்று முன்கூட்டியே கணித்து வகை பிரித்துச் சொல்லிவிடும்.

வந்த அன்றே ரங்கசாமி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். தூசு படாமல் இருக்க பிளாஸ்டிக் உறை, சூடு ஏறாமல் இருக்க ஏர்கான். மருந்து அடிக்கும் பெண்கள் கேட்ட கையுறை மட்டும் ‘அடுத்த மாசம்’ வந்துகொண்டே இருந்தது.

மருந்தை உள்ளபடி கொடுத்தபோது கம்ப்யூட்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டது: கடும் அபாயம், தோல் வழியே உள்ளே போகும், ஈரலைத் தாக்கும். சொன்னது கம்ப்யூட்டராக இல்லாமல் கணக்கெழுதும் கிராணியாக இருந்திருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும்.

“தோட்டத்துல யாரு அதை அப்படியே அடிக்கிறா? தண்ணி கலந்துதானே?” என்று அதன் பிறகுதான் ரங்கசாமிக்கு யோசனை உதித்தது.

பவானேஸ்வரி தயங்கினாள். “சார், இவ்ளோ தண்ணியில புல்லே சாகாது. அதுவுமில்லாம, டிரம்முலேர்ந்து ஊத்திக் கலக்குறப்ப அவங்க கையில படுறது தனி மருந்துதானே?”

“புல்லு சாகுறது வேற டிப்பார்ட்மெண்ட்லா. நீ ஊத்து.”

கடைசியில் கட்டம் பச்சையானது. ‘அபாயம் குறைவு.’ பிரிண்டர் கிறீச்சிட்டுத் துப்பி முடிப்பதற்குள் ரங்கசாமி தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு அவர் கோயிலிலிருந்து மைக் வரவழைத்தார். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு மைக் எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. ஸ்டோரைத் தாண்டி வரும்போது, லாரி இறக்கிவிட்டுப் போன டிரம்கள் மூடிக் கம்பிகூடப் பிரியாமல் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது என் பேச்சு இல்ல, கம்ப்யூட்டர் பேச்சு!” என்று தாளை உயர்த்திக் காட்டினார். “அதுக்குச் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. பொய் சொல்லவே தெரியாது. இந்த மருந்து மேல பட்டாலும் ஒண்ணும் ஆகாது, வாயில பட்டாலும் ஒண்ணும் ஆகாது. இன்னிக்கும் அடிக்க மாட்டேங்கிறவங்க, தோட்டம் குடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்பலாம்!”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை குட்டிகளோடு எங்கே போவது? பவானேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். கோமளா மட்டும் முன்னால் வந்து, நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

“கம்ப்யூட்டரே சொல்லிருச்சா சார்? அப்பாடா! இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு.”

ரங்கசாமி ஜெயித்த சிரிப்புச் சிரித்தார். “ஏம்மா, அப்படி என்ன பயம்?”

“நேத்துச் சாயந்தரம் உங்க பங்களாப் பின்னாடி புல்லு மண்டிக் கெடந்துச்சு சார். எவ்ளோ நாளைக்குத்தான் புடிவாதம் புடிக்கிறதுன்னு இந்த மருந்தையே அடிச்சுப் பார்த்தோம். திடீர்னு காத்து திரும்பி, உங்க வீட்டு அம்மா போட்டிருக்கிற கங்கோங் கீரை மேல பூராவும் பட்டிருச்சு. இன்னிக்கி அதைத்தான் ஆக்கப் போறாங்களாம். சொல்லலாமா வேணாமான்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.”

ரங்கசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. இடது கை, இடுப்பில் செங்கல் கனத்துக்குத் தொங்கிய ஹேண்ட்போனை உருவியது. வலது கையில் மைக் இருப்பது அவருக்கு மறந்தே போயிற்று.

“ஜானகி! அந்தக் கீரையத் தொடாத!... என்னது, தாளிச்சிட்டியா? கொட்டு! சட்டியோட தூக்கிக் கொட்டு! வாயில வச்சியா? ருசி பார்த்தியா? ஐயோ, அது விஷம்டி! ஈரலத் தின்னுரும்! மொதல்ல கையக் கழுவு, நான் காரோட வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்!”

‘விஷம்டி’ லைன் வீடுகளைத் தாண்டிப் போய், செம்பனைகளில் மோதித் திரும்பி வந்தது. பவானேஸ்வரி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

ரங்கசாமி தன் கையிலிருந்த மைக்கை அப்போதுதான் கண்டார். சுட்டதுபோல அதைக் கீழே போட்டுவிட்டுக் கார்ச் சாவிக்காகச் சட்டைப் பையைத் துழாவினார். கோமளா மைக்கை எடுத்து, மண்ணைத் தட்டி, வாயருகே வைத்துப் பணிவாகச் சொன்னாள்:

“பதறாதீங்க சார். நாங்க உங்க பங்களாப் பக்கமே போகல.”