வெண்சுடர் குக்கரின் முதல் ரசிகர்

ஈரோடு செங்கோட்டுவேல் வெண்சுடர் குக்கரைப் புகழ்ந்து வருடக்கணக்கில் வலைப்பூ எழுதிவந்தார். மகிழ்ந்துபோன கம்பெனி "எங்கள் முதல் ரசிகர்" என்று கேடயம் கொடுத்தது. கூடவே, அவருக்கு நேரமில்லாத நாட்களில் அவர் நடையிலேயே எழுதிப் படமும் போடும் ஏ.ஐ. ஒன்றை வலைப்பூவில் பொருத்திக் கொடுத்தது.

ஒருநாள் காலை அந்தக் குக்கர் வெடித்து, மனைவி மேகலாவின் இரண்டு கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடியே நடந்ததையெல்லாம் எழுதினார். பதிவு ஏறவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தார்.

"குறை சொன்னா ரசிகர் வலைப்பூவுல ஏறாது சார்," என்றாள் ஒரு பெண், பணிவாக. "மனசு சரியானதும் எழுதுங்க. அதுவரைக்கும் அது தானா எழுதிக்கும்."

மேகலாவின் தம்பியைப் போனில் கூப்பிட்டு, கை வெந்து கிடக்கும் அக்காவைப் பார்க்க உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

"விளையாடாதீங்க மாமா. இப்பத்தான் உங்க வலைப்பூவுல பார்த்தேன். அக்கா குக்கர்ல பொங்கல் வெச்சுட்டு, ரெண்டு கையும் கூப்பிச் சிரிச்சுட்டு நிக்குது."

"அது பொய்டா! அந்தப் பாழாப்போன குக்கர்தான் வெடிச்சுது!"

மச்சினனின் குரல் சட்டென்று கடுமையானது.

"யாருய்யா நீ? எங்க மாமா குரல்ல பேசறே? அவரு வெண்சுடரைக் குறை சொல்லவே மாட்டாரே!"