பாஸ் குடுக்காத சுருட்டை

ஃபுட்பால் மேட்ச்ல இடைவேளைக்கு முன்னாடியே கத்திக் கத்தி டயர் கடைக்காரருக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

"பாஸ் குடுடா சுருட்டை. என் பையன் தனியா நிக்கிறான் பாரு."

சுருட்டை முடிக்காரப் பையன் காதுலயே வாங்கல. பந்தோட தானே ஓடினான், ரெண்டு பேரை முட்டினான், பறிகொடுத்தான். கோல் பக்கத்துல நின்ன கடைக்காரர் மகனைத் திரும்பிக்கூடப் பாக்கல.

ஒரு மாசமா இதே கூத்து. இந்த மேட்ச் முடிஞ்சதும் அடுத்த வருஷம் அகாடமியில யாரு, வீட்டுக்கு யாருன்னு கிளப்புல முடிவு பண்ணிடுவாங்க. பந்தே வராதவன் எதைக் காட்டுவான்?

பொறாமை புடிச்ச பயன்னு பக்கத்துல நின்ன அப்பாக்கள்கிட்ட எல்லாம் புலம்பினார். அவங்கவங்களுக்கு அவங்கவங்க பிள்ளை கவலை. சும்மா தலையாட்டி வச்சாங்க.

இடைவேளையில நேரா கோச்சுகிட்டயே போயிட்டார்.

"எந்த டயர்ல கோளாறுன்னு பத்தடி தள்ளி நின்னே சொல்றவன் சார் நான். அந்தப் பையனைக் கழட்டுங்க, வண்டி ஓடும்."

கோச்சுக்கும் அவன் மேல எரிச்சல்தான். இப்படியே ஆடினா உன் இடமும் போயிடும்னு போன வாரமே எச்சரிச்சிருந்தார். சுருட்டையை உக்கார வச்சிட்டு வேற பையனை இறக்கினார்.

சுருட்டை என்னமோ சொல்ல வாயெடுத்தான். மைதானத்துலேருந்து கடைக்காரர் மகன் வேணாம்னு தலையசைச்சான். வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கிட்டான்.

புதுசா வந்தவன் தங்கமான பிள்ளை. வந்ததுமே நீளமா ஒரு பாஸ். கடைக்காரர் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார். இன்னொரு பாஸ். "இதுக்குப் பேருதான் ஆட்டம்"னு நாலு பேர் கேக்கச் சொன்னார். அடுத்த பந்தைத் துரத்தி மகன் வேகமெடுத்தான். பாதியிலயே முட்டியைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டான்.

கோச் எழுந்திருக்கறதுக்குள்ள பெஞ்ச்லேருந்து ஓடினான் சுருட்டை. அவன் பையில ஐஸ் தயாரா இருந்தது.

கடைக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "என்னடா ஆச்சு?"

மகன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். முட்டியில ஐஸை அழுத்திக்கிட்டே சுருட்டைதான் பதில் சொன்னான்.

"ஒரு மாசமா வலி அங்கிள். டாக்டர்கிட்ட போடான்னேன். தெரிஞ்சா அகாடமியில வெளிய அனுப்பிடுவாங்க, எங்கப்பா தாங்க மாட்டாருன்னான். அதான் அவன்கிட்ட பந்து போகாம பாத்துக்கிட்டேன்."