முகம் எந்தப் பக்கம்

அந்தச் சட்டையைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வாசலில் ஓரகத்தி மலர்க்கொடி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து மனையில் அவர்கள் வீடு எழும்புகிறது. அதற்குத் திருஷ்டி பொம்மை கட்ட வேண்டுமாம். பேன்ட் கிடைத்துவிட்டது. சட்டைதான் இல்லை.

“மாமாவோட பழசு ஏதாச்சும் இருந்தா குடுங்கக்கா. நேத்து சாரம் சரிஞ்சதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. யார் கண்ணோ பட்டிருக்கு.”

யார் கண்ணோ.

அவள் உள்ளே போனாள்.

சாரம் சரிந்தபோது அவள் அடுப்படி ஜன்னலில்தான் நின்றிருந்தாள். கட்டைகள் மடமடவென்று விழுந்தன. சித்தாள் ஒருத்தி கத்திக்கொண்டு ஓடினாள். யாருக்கும் அடியில்லை என்று தெரிவதற்கு முன்னால், அந்த ஒரு நொடி, அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

குளிர்ந்தது அவளுக்கே தெரிந்தது. அதுதான் தொல்லை.

பீரோவின் அடித்தட்டில் சட்டை இருந்தது. சாம்பல் கோடு போட்டது. காலர் நைந்துபோனது.

அவள் புருஷன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த சட்டை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கி, ஆளுக்குப் பாதியாக எழுதிக்கொண்ட நிலம். கருவேல முள் மண்டிக் கிடந்தது. ஆனால் சர்க்கார் கணக்கில் அது வயல். வயலில் வீடு கட்டக் கூடாது, முதலில் மனை என்று மாற்றி வாங்கிவா என்றார்கள். இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் கை காட்டியது. அந்த ஆபீஸில் அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். மனுசன் செருப்புத் தேய நடந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். மாட்டுகிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

அதற்குள் மகளுக்கு வரன் வந்துவிட்டது.

நல்ல வரன். காத்திருக்காது.

வாடகைக்கு இருந்தது மாடி வீடு. பந்தக்கால் நட மண்ணுக்கு எங்கே போவது? பெயின்ட் டப்பாவில் மணலை நிரப்பி அதில் நட்டார்கள். வாழைமரத்தைக் கேட்டில் கட்டாதீர்கள், வர்ணம் உரிந்துவிடும் என்றாள் வீட்டுக்காரம்மா. சுமங்கலிகள் வந்து டப்பாவுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

மகள் போன பிறகு அனுமதி வந்தது. வீடும் வந்தது. மகளுக்கென்று கட்டிய அறையில் இப்போது அரிசி மூட்டை இருக்கிறது.

கொழுந்தன் ஒரு நாளும் அலைந்தவனில்லை. பார்க்கலாம் பார்க்கலாம் என்றே இருந்தான். அவன் அதிர்ஷ்டம், சர்க்காரில் விதியை மாற்றிவிட்டார்கள். சின்ன மனைக்கு இனி வயலென்ன வரப்பென்ன, எதையும் மாற்றி வாங்க வேண்டாம். விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி சொல்லிக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். காலையில் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அனுமதியோடு வந்து உட்கார்ந்தான்.

போனை அவளிடம்தான் முதலில் காட்டினான்.

“அண்ணி, முடிஞ்சிருச்சு!”

நல்ல விதிதான். அவள் குறை சொல்ல மாட்டாள். நாலு பேர் வீடு கட்டட்டும்.

கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

தையில் மலர்க்கொடியின் மகளுக்குக் கல்யாணம். இதோ பக்கத்து வாசலில், சொந்த மண்ணில் குழி தோண்டிப் பந்தக்கால் நடப் போகிறார்கள். நினைக்கும்போதே அவளுக்கு அடிவயிறு எரிந்தது. கல்யாணப் பெண் அவள் தூக்கி வளர்த்த பெண். வாய்க்கு வாய் பெரியம்மா என்கிற பெண். அதை நினைத்தால் எரிச்சல் அடங்க வேண்டும்.

அடங்கவில்லை. கூடவே பயமும் சேர்ந்துகொண்டது.

சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மலர்க்கொடிக்கு அது எந்தச் சட்டை என்று தெரிந்தது. வாங்கும்போது ஒரு தடவை தடவிப் பார்த்தாள். 

இருவரும் பக்கத்து மனைக்குப் போனார்கள். கொத்தனார் சட்டைக்குள் வைக்கோலைத் திணித்தார். தலைக்கு ஒரு கறுப்புப் பானை. அதில் முட்டைக் கண், கோரைப் பல், தொங்கும் நாக்கு. சட்டைக்கு உடம்பு வந்ததும் அவளுக்குத் திக்கென்றது. தோள்பட்டை அப்படியே அவர் சாயங்காலம் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

கொத்தனார் பொம்மையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்.

“முகம் எந்தப் பக்கம்மா?”

“ரோட்டைப் பாத்துக் கட்டுங்க” என்றாள் மலர்க்கொடி. “போறவங்க வர்றவங்க கண்ணெல்லாம் அதோட போவட்டும்.”

அவள் தன் அடுப்படி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

“போறவங்க வர்றவங்க என்ன பண்ணாங்க மலரு? எங்க அடுப்படிப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லு.”

மலர்க்கொடி சிரித்தாள். அக்கா கேலி பேசுகிறாள் என்று நினைத்தாள்.

பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

மேலே கொத்தனார் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார்.

மலர்க்கொடி நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. மேலே பார்க்காமலே சொன்னாள்.

“அக்கா சொல்றபடி கட்டுங்க.”