காந்தம் ஒட்டாதவை

காந்தம் ஒட்டவில்லை.

பழைய இரும்புக் கடைக்காரம்மா அதைக் கயிற்றோடு தூக்கி அடுத்த கேனின் மேல் விட்டாள். அதிலும் ஒட்டவில்லை. அலுமினியம், தனியாகப் போகும் என்றாள். பைக்குள் கைவிட்டு நசுங்கிய பீர் கேன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். எடைக்காக மணல் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டாம்.

இவற்றில் மணல் இல்லை. கொண்டுவந்த பெரியவர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருந்தார்.

உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. வெள்ளை வேட்டி. முழுக்கைச் சட்டை. கழுத்துப் பொத்தானும் போட்டிருந்தார்.

லாரியில் இரும்பு ஏற்றிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான்.

“என்ன பெரியவரே, தனியாவே அடிச்சு முடிச்சிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே.”

அவர் அவனை நேராகப் பார்த்தார்.

“ஆமா. எல்லாம் நான் குடிச்சதுதான்.”

எழுபத்தொரு வயதில் அந்த உடம்புக்குள் காபியைத் தாண்டி எதுவும் போனதில்லை.

குடித்தது அவர் மகன்.

நேற்று முன்தினம் திருச்சியில், குடியை விட வைக்கும் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்திருக்கிறான். மூன்றாவது முறை. இந்த முறை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. தானே பேருந்து ஏறிப் போனான். கேன்கள் அவன் கட்டிலுக்கடியில் கிடந்தன.

நாளை இளைய மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

குப்பை வண்டியில் போட முடியாது. தெருவே பார்க்க, வீட்டு வாசலில் வைத்துத் தரம் பிரிப்பார்கள். காவிரியில் எறிய மனம் வரவில்லை. கொல்லையில் புதைக்கலாம் என்று மண்வெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு வைத்துவிட்டார். கும்பகோணத்தில் அவர் முகம் தெரியாத பழைய இரும்புக் கடை கிடையாது. பாதிக் கடைகளில் அவரிடம் படித்தவர்கள்தான் இருக்கிறார்கள்.

ஆகவே காலைப் பேருந்தில் மயிலாடுதுறை.

“பேரு சொல்லுங்கய்யா, சீட்டு போடணும்.”

“நாராயணன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு சீட்டில் நாராயணன் என்று எழுதினாள்.

அப்போதுதான் அவரும் பையைப் பார்த்தார்.

மூத்த மகள் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை. மிச்சப் பைகள் வீடெல்லாம் கிடக்கின்றன. அரிசிக்கும் அதுதான், புளிக்கும் அதுதான். பார்த்துப் பார்த்துப் பழகி, அதில் எழுத்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

இப்போது தெரிந்தது. சிவப்பு எழுத்து.

அ. வைத்திலிங்கம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கீழே கதவு எண். தெரு. ஊர்.

பொய் சொன்ன பிள்ளைகளை முப்பத்திரண்டு வருடம் பெஞ்சின் மேல் ஏற்றியவர்.

லாரிக்காரன் கயிறு கேட்டு உள்ளே வந்தான்.

அவள் பையை எழுத்து தெரியாமல் மடியோடு அணைத்துக்கொண்டாள். கயிறு இருக்கும் மூலையைக் காட்டினாள். அவன் எடுத்துக்கொண்டு போகும் வரை பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிறகு மிச்சக் கேன்களைக் கொட்டினாள். பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். உதறினாள். நான்காக மடித்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

சிரிக்கவில்லை.

அவர் வாங்கிக்கொண்டார். போயிருக்கலாம். போகவில்லை. இதெல்லாம் இனி என்ன ஆகும் என்று கேட்டார்.

உருக்குகிற கம்பெனிக்குப் போகும் என்றாள். சூட்டில் பெயிண்ட், பேர், படம் எல்லாம் எரிந்துவிடும். மிஞ்சுவது சுத்தமான உலோகம். அது பாத்திரமாகும், சன்னல் சட்டமாகும், கேனாகவும் ஆகும். சுரங்கத்து மண்ணிலிருந்து புதிதாக எடுக்கிற செலவில் இதற்குக் கொஞ்சம்தான் கரண்டு பிடிக்குமாம். புதைத்தால்தான் வம்பு, பேரன் தோண்டினாலும் அப்படியே கிடக்கும் என்றாள்.

அவர் கேன் குவியலைப் பார்த்தபடி நின்றார்.

“ஒரு தடவைதான் உருக்க முடியுமா?”

“எத்தனை தடவை வேணாலும் உருக்கலாங்கய்யா. தரம் குறையாது.”

“மூணாவது தடவையும்?”

“முப்பதாவது தடவையும்.”

அவர் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நன்றி என்றார். அது போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“உங்க பேரு என்னம்மா?”

“எனக்கா? சகாயமேரி. எதுக்குங்கய்யா?”

“பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வரும்போல இருக்கு. பத்திரிகையை நானே கொண்டுவந்து கொடுக்கணும்.”

அவள் எழுந்து நின்றாள். கையை முந்தானையில் துடைத்தாள். கடைப் பேரைச் சொன்னால் போதும், யாரும் வழி காட்டுவார்கள் என்றாள்.

“கடைக்கு இல்லம்மா, உங்களுக்கு. வீட்டுக்காரர் பேரையும் சொல்லுங்க. குடும்பத்தோடன்னு கவர்ல எழுதணும்.”