நாலு மில்லிமீட்டர்

பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் நாலு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. அதற்குள் நுழைய வேண்டிய மட்கார்டின் கனமே இரண்டு; மீதியில் சக்கரம் உரசாமல் சுழல்வது கஷ்டம்.

போகாது என்று நான் சொன்னால் போகாதுதான். இங்கிலாந்தின் இந்தக் கீத்லி ஊரில் சைக்கிள் விஷயத்தில் எவரும் என்னை மறுத்துப் பேச மாட்டார்கள்.

நாளை நவம்பரின் முதல் ஞாயிறு. இனி மார்ச் வரை மட்கார்டு இல்லாத சைக்கிளை எங்கள் கிளப் ஓட்டத்தில் சேர்ப்பதில்லை. முன்னால் போகிறவரின் சக்கரம் சேற்றையும் ஆட்டுப் புழுக்கையையும் பின்னால் வருகிறவர் வாய்க்குள் அடிக்கும்.

ஆக, இமோஜன் நாளை வருவாளா மாட்டாளா என்பது என் கையில்.

அவளுடையது பந்தயச் சைக்கிள். அவள் அப்பா வாங்கித் தந்தது. என் அப்பா எனக்குத் தந்தது ஸ்பேனர் பிடிக்கிற கை மட்டும். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான், இயந்திரப் பொறியியல். வாங்கிவிட்டு இந்தப் பட்டறையில் கிரீஸோடு நிற்கிறேன்.

அவள் கிளப்புக்கு வந்து ஆறு வாரம். நானும் கீரனும் ஜோடியாக ஒரே வீட்டில் வாழ்வது மூன்று வருஷம்.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் கீரன்.

"பாவம், அவளுக்கு இன்னிக்கு வேலையாம். எப்படியாவது மாட்டிடு ஸ்டேஸி. உன்னால முடியாததா?"

"அவ பாவம் இருக்கட்டும். காலையில பாத்திரம் கழுவுற சோப்ப என் டீ கப்புல ஏன்டா ஊத்தி வச்ச? குடிச்சிருப்பேன்."

அவன் சிரித்தான்.

போகாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். நல்ல மனசெல்லாம் இல்லை. ஒரு சைக்கிள் என்னைத் தோற்கடிக்கக் கூடாது. அதிலும் அவள் சைக்கிள்.

பிரேக் வரும் இடத்தில் மட்கார்டை இரண்டாக அறுத்து, அதற்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நிறுத்தினேன். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்தேன்.

உரசல் இல்லை.

கீரன் கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்தான்.

"இதையும் பின்னாடி சேத்துடு."

சேறு பின்னால் தெறிக்காதபடி மட்கார்டின் அடிநுனியில் தொங்கவிடும் தகடு. பச்சை பிளாஸ்டிக்கில், அவனே செய்தது. ஓரங்களை வளைத்து வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துளைகூட இட்டிருந்தான். தரையைத் தொட ஒரு விரற்கடைதான் குறையும்.

சோப்பு வாசம் இன்னும் போகவில்லை. காலையில் காலியான எங்கள் சோப்பு பாட்டில்.

தகடு கட்டாயம் என்று கிளப் விதியில் எங்கும் இல்லை. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டியே வர நினைக்கிறவன், தன் முகத்துக்காகச் செய்து தருவது அது.

ஸ்க்ரூவை முடுக்கினேன்.

சுவரோரம் என் சைக்கிள் நின்றது. மூன்று குளிர்காலமாகத் தகடு இல்லாமல்தான் ஓடுகிறது. சேறு அடிக்கிறது என்று பின்னாலிருந்து இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.